சிமென்ட் வரி குறைந்தும் ஃபிளாட் விலை ஏன் குறையவில்லை?

வாசகர் கேள்வி (பெரம்பூரிலிருந்து):
"செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. நான் புக் செய்யப்போகும் 70 லட்ச ரூபாய் ஃபிளாட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கேட்டால் 'கம்பி, மணல், கூலி எல்லாம் ஏறிப்போச்சு சார்' என்கிறார்கள். ஏறினால் என் தலையில், இறங்கினால் அவர்கள் பையிலா? 10 சதவீதம் குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாமா?"

4 அக்டோபர் 2025

கேளுங்கள், கிடைக்காது. 10 சதவீதம் குறைந்தது சிமென்ட் மீதான வரியில், வீட்டு விலையில் இல்லை.

நான் எஸ்டிமேட் போடும் வேலையில் இருப்பவன், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். வரியோடு சேர்த்து மூட்டை 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 சதவீதத்தைக் கழித்தால் அடக்கம் 273. அதன்மேல் 18 சதவீதம் போட்டால் 323. மூட்டைக்கு 27 ரூபாய் மிச்சம். ஃபிளாட் வேலையில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 0.45 மூட்டை போகும். ஆக சதுர அடிக்கு 12 ரூபாய். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு 12,000.

இந்தப் பணம் பில்டருக்கு மிச்சம்தான், அதை மறுக்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஃபிளாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் சிமென்டில், கம்பியில் கட்டும் வரியெல்லாம் அவருக்குச் செலவுக் கணக்கில்தான் சேரும். அது குறைந்தால் லாபம் அவருக்கு. அந்த லாபம் உங்கள் 70 லட்சத்தில் எந்த மூலைக்கு?

5 அக்டோபர்

"நூறு ஃபிளாட் கட்டினால் 12 லட்சம் ஆகிறதே" என்று ஒருவர். ஆகிறது. உங்கள் பங்கு அதில் 12,000. பால்கனிக்குக் கிரில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், அது நடக்கலாம்.

9 அக்டோபர்

எது ஏறியது என்று பட்டியல் கேட்டவருக்கு.

என் பழைய நோட்டில் 2019-இல் சாதாரணத் தரத்துக்குச் சதுர அடி 1,750 என்று போட்டிருக்கிறேன். இப்போது அதே தரத்துக்கு 2,500-க்குக் கீழே போட்டுக்கொடுத்தால் யாராவது ஒருவர் ஏமாறப்போகிறார் என்று அர்த்தம்.

எல்லோரும் சிமென்டைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் சிமென்ட் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. அது ஏறும், இறங்கும், மழைக்காலத்தில் படுத்துக்கொள்ளும். கம்பிதான் ஆட்டம் காட்டும். சதுர அடிக்கு நாலு கிலோ வரை போகும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கிலோ 75 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டு அடக்கியது, நவம்பரில் எடுத்துவிட்டது. அந்த ஆறு மாதத்துக்குள் கொட்டேஷன் கொடுத்தவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் சைட்டைப் பூட்டினார்கள்.

மணல் வேறு மாதிரி. ஆற்று மணல் நகரத்துச் சைட்டுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, எல்லாம் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட். இந்த ஏப்ரலில் தமிழக அரசு கனிமவள நிலத்துக்குப் புது வரி கொண்டுவர, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, லாரி வராமல் பாதி சைட்டில் கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நின்ற நாட்களுக்கும் வட்டி ஓடும். எந்த எஸ்டிமேட்டிலும் அதற்கென்று ஒரு வரி இருக்காது, கடைசியில் அதுதான் பெரிய தொகையாக நிற்கும்.

விலை ஏறும்போதெல்லாம் கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று கொட்டிவிட்டுப் போகும் லாரிகள் பெருகும். கையில் எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். மாவாகக் கலங்கினால் திருப்பி அனுப்புங்கள்.

கூலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

12 அக்டோபர்

கூலிக்கு முன்னால் இது. தனிச்செய்தியில் வந்த கேள்வி: "செலவு எல்லா இடத்திலும் ஒன்றுதானே, அப்புறம் ஏன் தி.நகரில் புது பில்டிங் முளைத்துக்கொண்டே இருக்கிறது, எங்கள் பக்கம் பாதியில் நிற்கிறது?"

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. செலவு எல்லா இடத்திலும் ஒன்று, மனை விலை ஒன்றில்லை.

கணக்குக்காகத் தி.நகரில் மனை சதுர அடி 20,000 என்று வைப்போம். எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அப்போது கட்டும் ஒவ்வொரு சதுர அடிக்கும் நிலத்தின் பங்கு 10,000. கட்டுமானம் 2,500. மொத்தம் 12,500. அம்பத்தூருக்கு அந்தப் பக்கம் மனை 6,000 என்றால் நிலத்தின் பங்கு 3,000, கட்டுமானம் அதே 2,500, மொத்தம் 5,500. இன்னும் வெளியே, மனை 2,000 இருக்கும் இடத்தில் 1,000 + 2,500 = 3,500.

இப்போது கட்டுமானம் 500 ரூபாய் ஏறட்டும். தி.நகரில் அது 4 சதவீதம். வாங்குகிறவர் மாடுலர் கிச்சனுக்கே அதைவிட அதிகம் செலவழிப்பார். அம்பத்தூர்ப் பக்கம் 9 சதவீதம். வெளிப்புறத்தில் 14.

மனை எங்கே மலிவோ அங்கேதான் செலவேற்றம் பலமாக அடிக்கும். நாம் எல்லோரும் "சிட்டியில் முடியாது, தள்ளிப்போனால் வாங்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தத் தள்ளிப்போகும் இடத்தில்தான் கணக்கு உடைகிறது. 50 லட்சத்துக்குள் வீடு தேடுகிறவருக்கு விலை ஏறியது மட்டும் பிரச்சினை இல்லை, அந்த வீட்டைக் கட்ட ஆளே வருவதில்லை.

13 அக்டோபர்

ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கு நடுவே தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம்), லிஃப்ட் ரூம் எல்லாம் எஃப்எஸ்ஐ கணக்கில் வராது, ஆனால் காசு போட்டுத்தான் கட்ட வேண்டும் என்று ஒரு பொறியாளர் குறிப்பிட்டிருக்கிறார். சரிதான். அதையும் சேர்த்தால் நேற்றைய 2,500 என்பது இன்னும் மேலே போகும். சதவீதங்கள் கொஞ்சம் மாறும், எங்கே அதிகம் அடிக்கும் என்ற வரிசை மாறாது.

18 அக்டோபர்

கூலி. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். நம்மூர்க் கொத்தனார், சித்தாள் எல்லாம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கிளம்பியாயிற்று. சென்ட்ரிங், கம்பி கட்டும் பீகார்ப் பையன்கள் தீபாவளி முடிந்து சத் பூஜைக்குப் போவார்கள், இந்த வருஷம் நவம்பர் 6, 11 தேதிகளில் அங்கே சட்டமன்றத் தேர்தல் வேறு. ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதற்குள் இங்கே வடகிழக்குப் பருவமழை. ஆக அக்டோபர் கடைசியில் ரூஃப் கான்கிரீட் போடுவதாக ஷெட்யூல் வைத்திருக்கும் பில்டர், ஷெட்யூலைக் கடவுளுக்குக் கொடுத்துவிடலாம்.

2020 ஊரடங்கில் நடந்து போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் பழைய கூலிக்கு வரவில்லை. அது நியாயம்தான், எனக்கு அதில் புகார் இல்லை. நாம் இருபது வருஷம் மலிவாக வீடு கட்டியது அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்ததால்தான்.

27 அக்டோபர்

"மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீத ஜிஎஸ்டிதானே, அதை ஏன் சொல்லவில்லை" என்று கோவை நண்பர்.

அது இருக்கிறது. கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் காலடி படும் பரப்பு, 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். சென்னை பெருநகரப் (மெட்ரோ) பட்டியலில் வருவதால் எங்களுக்கு 60, உங்கள் கோவைக்கு 90 சதுர மீட்டர் வரை உண்டு. கொடுத்துவைத்தவர்கள்.

60 சதுர மீட்டர் என்றால் 645 சதுர அடி. சின்ன டபுள் பெட்ரூம், நாலு பேர் குடும்பம் இருக்கலாம். அதைப் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாம் ஏற்றி விற்கும் கணக்கில் 870 ஆக்குவார்கள். சதுர அடி 6,500 என்றால் 56 லட்சத்துக்கு மேல். அளவு பாஸ், விலை ஃபெயில். 5 சதவீதம், அதாவது 2.8 லட்சம் வரி.

45 லட்சம் என்ற அந்த எல்லை 2019-இல் வைத்தது, இன்றுவரை அசையவில்லை. என் நோட்டில் 1,750 இருந்தபோது வைத்த எல்லை.

அதனால் என்ன நடக்கிறது? 45-க்குள் அடக்க வேண்டுமென்றால் 6,500 விலையில் விற்பனைப் பரப்பு 690-தான். உள்ளே காலடி படுவது 510 சதுர அடி. அதைச் சிங்கிள் பெட்ரூம் என்று நேர்மையாகச் சொன்னால் போகாது என்று, ஹாலில் ஒரு மூலையைத் தடுத்து "ஸ்டடி" என்று புரோஷரில் போடுகிறார்கள். அந்த ஸ்டடியில் நின்றுகொண்டுதான் படிக்கலாம்.

3 நவம்பர்

மடிப்பாக்கம் வாசகர் எழுதியது கவலையான விஷயம். இரண்டு கிரவுண்டில் ஆறு ஃபிளாட், பாதி வேலை முடிந்தது, இப்போது "மெட்டீரியல் ஏறிவிட்டது, சதுர அடிக்கு 300 கூடுதலாகக் கொடுங்கள், இல்லையென்றால் வேலை நிற்கும்" என்று பில்டர் சொல்கிறாராம். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் இடத்தைப் பாருங்கள். இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி, 446 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. சென்னையின் சின்ன பில்டர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு கிரவுண்டு உலகத்தில்தான் இருக்கிறார்கள். வாங்குகிறவர் கொடுத்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக்கணக்கில் வைக்க வேண்டும் என்ற ரெரா விதி பதிவான திட்டத்துக்குத்தான். பதிவு வேண்டாத இடத்தில் உங்கள் பணம் இவருடைய அடுத்த சைட்டுக்கு அட்வான்ஸாகப் போயிருந்தாலும் வெளியே தெரியாது. உங்களுக்கு இருப்பது ஒப்பந்தமும் நுகர்வோர் நீதிமன்றமும்தான். ஒப்பந்தத்தில் 'எஸ்கலேஷன்' (விலையேற்றம்) என்று ஒரு பிரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்தப் பொருளுக்கு, எந்த மாத விலையை அடிப்படையாக வைத்து, எவ்வளவு உச்சம் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அவர் கேட்பது வேண்டுகோள், உரிமை இல்லை.

அதற்காக ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். என் சித்தப்பா மகன் அப்படித்தான் சட்டம் பேசினான். ரூஃப் போட்டதோடு கான்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கேஸ் நடக்கிறது, இவன் வாடகையும் கட்டுகிறான், ஈஎம்ஐயும் கட்டுகிறான். ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, ஏறிய பொருளுக்கு மட்டும் பில்லைப் பார்த்து, அதுவும் முடிக்கிற வேலையின் அடிப்படையில் கொடுங்கள். மொத்தமாக 300 கொடுக்காதீர்கள்.

16 நவம்பர்

எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். கொரட்டூர்ப் பக்கம், 1986-இல் கட்டிய மூன்று மாடி, 12 வீடு, ஒவ்வொன்றும் 700 சதுர அடி. நாலு கிரவுண்டு மனை. தளத்தில் கம்பி தெரிகிறது, குளியலறை கீழ்வீட்டுக்குள் கசிகிறது. இடித்துக் கட்டலாம் என்று ஐந்து வருஷமாகப் பேச்சு. நான் சங்கச் செயலாளர் என்பதால் திட்டு முழுவதும் எனக்கு.

மனை 9,600 சதுர அடி, எஃப்எஸ்ஐ 2, ஆக 19,200 கட்டலாம். பழைய வீடு மொத்தம் 8,400. எல்லோரும் கேட்பது "25 சதவீதம் கூடுதலாக வேண்டும்", அதாவது 10,500. பில்டருக்கு மிஞ்சுவது 8,700.

2019 விலை, கொஞ்சம் தாராளமாக 1,800 போடுவோம்: கட்டுமானம் 3.46 கோடி. இப்போது 2,500: 4.8 கோடி. இதோடு இடிப்பது, பிளான் அனுமதி, வட்டி, 12 குடும்பத்துக்கு இரண்டு வருஷ வாடகை (15,000 வீதம் அதுவே 43 லட்சம்) எல்லாம் 80 லட்சம். விற்பது 8,700 × 6,500 = 5.65 கோடி.

பழைய செலவில் பில்டருக்கு 1.4 கோடி மிஞ்சும். இன்றைய செலவில் ஐந்து லட்சம். ஐந்து லட்சத்துக்காக எந்த பில்டர் எங்கள் மூன்றாவது மாடி மாமியோடு இரண்டு வருஷம் பேசுவார்?

இதே கட்டடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தி.நகரில் வையுங்கள். 8,700 சதுர அடி 16,000 வீதம் 13.9 கோடி. அங்கே பில்டர்கள் 50 சதவீதம் கூடுதல், கையில் கார்பஸ் என்ற மொத்தத் தொகை என்று வரிசையில் நிற்பார்கள். எங்கள் தெருவில் வருகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

17 நவம்பர்

2019-இலேயே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அப்போது ஒரே ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை.

19 நவம்பர்

"இப்போது எல்லோர் கையெழுத்தும் வேண்டாமே, பாதிப் பேர் போதுமே" என்று ஒருவர். பாதி இல்லை, மூன்றில் இரண்டு பங்கு. 2022-இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2024-இல். நல்ல சட்டம். ஆனால் அது கையெழுத்துப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. எங்களுக்கு இப்போது பன்னிரண்டு கையெழுத்தும் இருக்கிறது, கணக்குத்தான் வரவில்லை.

30 நவம்பர்

ஒரு பில்டர் எழுத்தில் ஆஃபர் கொடுத்திருக்கிறார். கூடுதல் பரப்பு கிடையாது, "அதே 700 சதுர அடி". வாடகை பாதி. எங்கள் பங்குக்கான ஜிஎஸ்டியை நாங்கள் கட்ட வேண்டும்.

16-ஆம் தேதிக் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் அவர் விற்பது 10,800 ஆகிறது, 7 கோடி. பழையபடி 1.4 கோடி அவருக்கு வந்துவிடுகிறது, பாதி வாடகையையும் சேர்த்தால் இன்னும் மேலே. ஏறிய செலவு மொத்தமும் எங்கள் 25 சதவீதத்தைத் தின்று தீர்த்திருக்கிறது.

"அதே 700" என்பதில் ஒரு கண்ணி. பழைய கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, காரிடார் இல்லை, ஒரு குறுகிய படிக்கட்டு. 700-இல் எங்களுக்கு உள்ளே 580 இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன். புதியதில் 700 என்பது விற்பனைப் பரப்பு, உள்ளே 520 இருந்தால் அதிகம். ஆக இடித்துக் கட்டி, இரண்டு வருஷம் வெளியே இருந்து, திரும்பி வரும்போது ஒரு சமையலறை அளவுக்கு வீடு சுருங்கியிருக்கும். கட்டில் பழையது, அது சுருங்காது.

மறுகட்டுமானம் பேசுகிற எல்லோருக்கும் சொல்கிறேன், ஒப்பந்தத்தில் பேச்சு முழுவதும் கார்பெட் ஏரியாவில் இருக்கட்டும். யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு குறைகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். 12 பேர் வைத்திருந்த மனையில் இனி 25 பேருக்குப் பங்கு. அடுத்த முறை இடிக்கும்போது உங்கள் பேரனுக்குத் தெரியும் அதன் அருமை.

7 டிசம்பர்

மழையில் நிறையப் பேர் வீட்டிலேயே இருந்தீர்கள் போல, இழை எங்கெங்கோ போயிருக்கிறது. வாஸ்துவுக்காகக் கழிப்பறையை இடம் மாற்றினால் எவ்வளவு செலவு என்றெல்லாம் கேள்வி. பிளம்பர் சந்தோஷப்படும் அளவுக்கு.

ஒன்றுக்கு மட்டும் பதில். செங்கலுக்குப் பதில் ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) போட்டால் செலவு குறையுமா? சுவரில் கொஞ்சம் குறையும், எடை குறைவதால் கம்பியிலும் குறையும். ஆனால் அதற்குப் பழகாத கொத்தனார் கையில் கொடுத்தால் மூலைக்கு மூலை விரிசல். மிச்சம் பிடித்தது பட்டிக்கும் பெயின்டுக்கும் போகும்.

21 டிசம்பர்

பில்டரே வேண்டாம், நாமே கட்டினால் என்ன என்ற யோசனை எங்கள் கூட்டத்தில் வந்தது. முதலில் சிரித்தேன், அப்புறம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முழு எஃப்எஸ்ஐயும் வேண்டாம், 14,000 சதுர அடி மட்டும், 20 வீடு. கட்டுமானம் 3.5 கோடி, மற்றது 70 லட்சம், மொத்தம் 4.2. எங்களுக்குப் பழைய 8,400 போக 5,600 விற்றால் 3.64 கோடி. பற்றாக்குறை 56 லட்சம், வீட்டுக்கு 4.7 லட்சம். நெருக்கடி குறைவு, 25-க்குப் பதில் 20 குடும்பம், லிஃப்டுக்கு வரிசை இல்லை.

தாளில் அழகாக இருக்கிறது. நடைமுறையில்? எங்கள் மனை 892 சதுர மீட்டர், வீடு எட்டுக்கு மேல். விற்பனைக்குக் கட்டினால் ரெராவில் பதிவு, சங்கமே புரமோட்டர், அதாவது சட்டப்படி பொறுப்பாளி. தாமதமானால் வாங்கியவர்களுக்கு வட்டி கொடுக்க வேண்டியது சங்கம். கையெழுத்துப் போட வேண்டியது செயலாளர். என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "கம்பி மறுபடி 75-க்குப் போனால் யார் கட்டுவது?" நாலு கிலோ வீதம், கிலோவுக்கு 15 ரூபாய் ஏறினால் 14,000 சதுர அடிக்கு 8.4 லட்சம். கம்பி ஒன்றுக்கு மட்டும். பன்னிரண்டில் எட்டு வீடு பென்ஷன்காரர்கள். வங்கிகளும் தனி ஆளுக்கு வீட்டுக்கடன் கொடுப்பதைப் போலச் சங்கத்துக்குக் கொடுப்பதில்லை, இரண்டு கிளையில் கேட்டுப் பார்த்தாயிற்று.

பில்டருடைய அந்த 1.4 கோடியை நான் இதுவரை லாபம் என்றே எழுதிவந்தேன். அதில் ஒரு பகுதி, இந்தப் பயத்தைச் சுமப்பதற்கான கூலி. அந்தக் கூலி 1.4 கோடியா என்பதில் எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது.

அவரிடம் எதிர்க் கோரிக்கை வைக்கப்போகிறோம்: உள்ளளவு 580 உறுதி, வாடகை முழுதாக, ஜிஎஸ்டியில் பாதி. ஜனவரியில் பதில் வரும். அதுவரை மொட்டைமாடி ஒழுகலைப் பார்க்க வேண்டும். மூன்று கொட்டேஷன் இருக்கிறது, ஒன்று கெமிக்கல் பூச்சு, ஒன்று பழையதை உடைத்து, செங்கல்-சுண்ணாம்புக் கலவையான சுர்க்கி போட்டுத் தட்டோடு, ஒன்று வெள்ளை கூல் டைல்ஸ். இடிக்கப்போகும் கட்டடமாகவும் இருக்கலாம், இன்னும் பத்து வருஷம் நிற்கும் கட்டடமாகவும் இருக்கலாம் என்ற நிலையில் எதற்குச் செலவு செய்வது? கூல் டைல்ஸ் போட்டு மூன்று மழை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.